நாலு லைட்டும் என் வலது கையும்

எங்கள் பைக்கின் இண்டிகேட்டர் பல வருடங்களாக நான்தான். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் சாலையில் போய், வலது பக்கம் மண்பாதையில் திரும்பினால் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம். திருப்பம் வந்ததும் பின்னால் உட்கார்ந்தபடி கையை நீட்டி ஆட்டுவேன். வண்டியில் இருந்த லைட்டுகள் பேருக்குத்தான். மழை பெய்தால் கரிசல் சேறு அப்பி அதுவும் தெரியாது.

கல்யாணமாகி வெகு காலம் கழித்து, இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஒரு மழைக்காலத்தில், எனக்கு வயிற்றில் ஏழு மாதம்.

"இனிமே கைய விடாத. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்க" என்று என் வீட்டுக்காரர் உத்தரவு போட்டார். எதைப் பிடிப்பது? சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியை. அவர் தோளைப் பிடித்தால் ஊர் சிரிக்குமாம்! கட்டிய பெண்டாட்டி பிடித்தால் ஊருக்கு என்ன வந்தது?

என் கைக்குப் பதிலாக மதுரையிலிருந்து எல்இடி லைட்டுகள் வாங்கி வந்தார். பின்னால் சிவப்பு ஒன்று, திரும்புவதற்கு மஞ்சள் நாலு. மெக்கானிக்கிடம் கொடுங்கள் என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். அவர் நூல் மில்லில் எலக்ட்ரீசியன்.

"ஏட்டி, அம்மாம் பெரிய மில்லுக்கே வயரிங் பாக்குதேன். இந்த பைக்குக்கு இன்னொருத்தன்கிட்ட போய் நிக்கணுமா?"

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசலில் வயரைப் பரப்பி வைத்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் டேப்பைக் கேட்டார். என் காய்கறிக் கத்தியால்தான் வயர் சீவினார். பொழுது சாயும்போது இடது பக்க சுவிட்சைப் போட்டார். நாலு மஞ்சளும் சேர்ந்து மின்னின. வலதைப் போட்டாலும் நாலும்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மீட்டர்ல உள்ள குட்டி பல்பு வழியா அந்தப் பக்கமும் கரண்டு பாயுது. அடுத்த வாரம் பாத்துக்கிடலாம். மின்னுதுல்லா, பின்னால வாரவனுக்கு அது போதும்."

மறுநாள் தூறல். திருப்பம் வந்தது. சுவிட்சைப் போட்டு வண்டியை வலது பக்கம் சாய்த்தார். பின்னால் உப்பு லாரி வருகிற சத்தம். வேகம் குறையவில்லை. நாலும் மின்னுவதைப் பார்த்து, நாங்கள் ஓரமாக நிற்கப் போகிறோம் என்று நினைத்து லாரி டிரைவர் எங்களை முந்த வலது பக்கமாக ஏறி வந்துகொண்டிருந்தார். கம்பியை விட்டுவிட்டுச் சாப்பாட்டுப் பையோடு கையை வீசினேன். லாரி கிறீச்சிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

டிரைவர் தலையை நீட்டினார். "ஏலே, வண்டிக்கு சீரியல் செட்டா போட்டிருக்க? அந்தப் பிள்ள மட்டும் கையக் காட்டலன்னா இந்நேரம் என்ன ஆயிருக்கும்?"

என் வீட்டுக்காரர் மண்பாதையில் இறங்கிப் பைக்கை நிறுத்தினார். ஏதாவது ஆறுதலாகச் சொல்வார் என்று பார்த்தால், மனுஷன் கேட்கிறார்:

"கைய விடாதன்னு சொன்னேன்லா, எதுக்கு விட்ட?"

வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன். அழுதேன். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தேன். செருப்பில் மண் அப்பிக் கால் கனத்தது. பின்னால் பைக்கை உருட்டிக்கொண்டு வந்தார். பதற்றத்தில் சுவிட்சை அணைக்கக்கூடத் தோன்றவில்லை, நாலும் மின்னிக்கொண்டே வந்தன. தூரத்தில் பள்ளிக்கூட வாசலில் நின்ற பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏட்டி, நில்லு. சேத்துல வழுக்கிரும், ஏறிக்க." குரல் இறங்கியிருந்தது. "ஒரு கையால என் தோளப் பிடிச்சுக்க. இன்னொரு கைய நாளையிலருந்து பழையபடி காட்டு."

"இதச் சொல்லதுக்கு அஞ்சு லைட்டு வாங்கணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டு, எல்லாரும் பார்க்க அவர் தோளை இறுக்கிப் பிடித்து ஏறினேன்.