இல்லாமல் போன அரை மணி நேரம்

மலேசியாவில் காலை ஏழு மணிக்கும் சரியாக விடிவதில்லை. மயிலாடுதுறையில் ஆறு மணிக்கே முகத்தில் வெயில் அடிக்க எழுந்தவன் நான். இங்கே லிங்கியில் விளக்கைப் போட்டுப் பல் துலக்கிவிட்டு, இருட்டிலேயே நீலாய்க்கு வேலைக்குக் கிளம்புகிறேன்.

நான் குடியிருப்பது சரோஜா அக்காவின் வீட்டில். அக்காவும் மணி அண்ணனும் தோட்டத் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் பிறந்த இரட்டையர்கள். அக்கா பிறந்தது எண்பத்தொன்றின் கடைசி இரவு, பதினொன்று இருபத்தைந்துக்கு. அண்ணன் பன்னிரண்டு ஐந்துக்கு, அதாவது எண்பத்திரண்டில். அந்தப் பிரசவத்திலேயே அவர்களுடைய அம்மா இறந்துபோனார். "நாப்பது நிமிசம் அவள வதைச்சிட்டு வந்தவன்" என்று சாகும்வரை அப்பா சொல்லிக்கொண்டிருந்தாராம். லாரி ஓட்டும் அண்ணன் அம்மாவின் சமாதிப் பக்கம் போனதே இல்லை.

அலுவலகத்துக்காகக் கடந்த காலத் தேதிகளைக் கணக்கிடும் சிறிய கணினி நிரல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சோதிக்க இவர்கள் பிறந்த நேரங்களைக் கொடுத்தேன். இடைவெளி பத்து நிமிடம் என்றது. பிழையைத் தேடித் தேடிக் கடைசியில் கணினி வைத்திருக்கும் பழைய நேர விவரங்களுக்குள் போனேன். அன்றிரவு மேற்கு மலேசியா முழுக்கக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியிருக்கிறார்கள். பதினொன்றரை ஆனதும் பன்னிரண்டு. இடையிலிருந்த அரை மணி நேரம் இங்கே யாருக்கும் நிகழவே இல்லை.

சாப்பிட வந்த அண்ணனிடம் சொன்னேன்.

"கம்ப்யூட்டர் தப்பா காட்டுது, அப்படித்தானே தம்பி?"

"இல்லண்ணே. நீங்க அக்காவுக்கு அப்புறம் பத்தே நிமிஷத்துல பிறந்துட்டீங்க."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "பிரசவத்தப்ப கூட இருந்த சின்னம்மா சொல்லும்லா. ரேடியோவுல சொல்லிட்டாங்கன்னு ஆஸ்பத்திரில மருந்து கட்டுற டிரஸர் நாற்காலில ஏறிக் கடிகாரத்த திருப்புனாருன்னு. நாங்க சும்மா கதைன்னு நெனச்சோம்."

அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "அப்பாவுக்கு இது தெரியாமலே போச்சு" என்றார். கை கழுவிவிட்டு லாரிச் சாவியை எடுத்தார். "வர்றியா தம்பி?"

எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்தது இடுகாடு. அண்ணன் மண்மேட்டின் மேல் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஊரில் என் அப்பாவின் சிதை எரிந்ததை நான் கைப்பேசியில்தான் பார்த்தேன். அண்ணனின் அம்மாவைக் கும்பிட்டேன். பிறகு மேற்கே, கடலுக்கு அப்பால் எங்கள் ஊர் இருக்கும் திசைக்குத் திரும்பி நின்று இன்னொரு முறை கும்பிட்டேன்.