வதாத் வீட்டுக் கரூப் மரம்

வதாத் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கியவள் இல்லை. லெபனான் மலைச்சரிவில், கடல் தெரியும் அந்த ஊரின் பொது அடுப்பில்கூட, மற்றவர்கள் ரொட்டி சுட்டுக்கொண்டு போகும்வரை மாவுத் தட்டோடு ஒதுங்கி நிற்பாள். கணவன் நாயிஃப் மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள அபிஜானில் துணிக்கடை வைக்கக் கிளம்பியபோதும் வாசலில் அப்படித்தான் நின்றாள். அவன் மென்றுகொண்டிருந்த, புளியங்காய் போல நீண்டு இனிக்கும் கரூப் காயின் கொட்டையை முற்றத்து மண்ணில் துப்பி, குதிகாலால் அமுக்கினான்.

"இது காய்க்கிறப்ப வந்து நானே பாகு காய்ச்சறேன்" என்றான்.

இரண்டு மழைக்காலம் மண்ணுக்குள் கிடந்துவிட்டுத்தான் அது முளைத்தது. அதன்பின்னும் அவசரம் காட்டவில்லை. பக்கத்து அத்தி இலை உதிர்த்துத் துளிர்த்து ஆளுயரம் தாண்டியது. இது தடித்த பச்சை இலைகளோடு வருடம் முழுக்க அப்படியே நின்றது. தொலைபேசியில் நாயிஃப் மரத்தைத்தான் விசாரிப்பான். அவளும் மரத்தைப் பற்றியே சொல்வாள். எப்போது வருகிறாய் என்று கேட்க வாய் வராது. காய்த்துவிட்டால் கேட்கவே வேண்டாம் என்று இருந்தாள்.

பல வருடம் கழித்து, ஓர் இலையுதிர்காலத்தில், முற்றிய கட்டையிலிருந்தே குட்டைச் சரங்களாகப் பூ வெடித்தது. வியர்த்த உடம்பின் வாடை போல ஒரு நெடி வீட்டுக்குள் வந்தது. அடுத்த வீட்டு உம்மு சாரி முகர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"அடியே, இது ஆண் மரம்டி. காய்க்காது. ஒன் முற்றத்துல ஆம்பளை வாசனை அடிக்குது, ஆளைத்தான் காணோம்."

வதாத் தலையைக் குனிந்துகொண்டாள். வசந்தத்தில் மரத்தின் தலையை வெட்டிவிட்டு, தன் பெண் மரத்துக் கிளையை ஒட்டுக்கட்டினால் நாலைந்து வருடத்தில் காய்க்கும் என்றாள் உம்மு சாரி.

அன்று நாயிஃப் பேசியபோது வதாத் கேட்டேவிட்டாள்.

"இது ஆண் மரமாம். காய்க்கவே காய்க்காதாம். அதுக்காக நீங்க காத்திருக்க வேணாம். வந்துடுங்க."



"ஒட்டுக்கட்டச் சொல்லேன்" என்றான் அவன். "காய்க்கட்டும், பாத்துக்கலாம்."

வசந்தத்தில் உம்மு சாரி ரம்பமும் கிளைக்கத்தையுமாக வந்தாள். வதாத் மரத்தை மறைத்து நின்று, வேண்டாம் என்றாள். காய்க்காத மரத்தை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று உம்மு சாரி விடாமல் கேட்டாள்.

"இதோட பூந்தூள் இல்லாம உங்க மரம் காய்க்குமா?" என்று மட்டும் சொன்னாள் வதாத்.

அந்த இலையுதிர்காலத்திலும் மரம் பூத்தது. குளிர் ஏறியிருந்தது. முற்றத்தைப் பார்த்த, படுக்கும் அறையின் ஜன்னலை அவள் சாத்தவில்லை.