மூச்சுவிட்ட பாட்டில்கள்

கல்வராயன் மலை மரவள்ளிக் கொல்லை மண்ணைப் பாட்டில்களில் அடைத்து, மரபணு மாற்றிய நுண்ணுயிரியை அதில் விட்டிருந்தேன். அது சுறுசுறுப்பானால் ஒரு வாயுவை வெளியிடும். மண்ணைக் கிளறாமல், உள்ளே சேரும் வாயுவை அளந்தே அதன் நடமாட்டத்தை அறிந்துவிடலாம்.

இன்று காலை வந்து பார்த்தால் ஆறு பாட்டிலும் திறந்து கிடக்கின்றன.

ஆய்வக உதவியாளர் செல்வி அக்காவிடம் கேட்டேன்.

"நீங்கதான மேடம் சொன்னீங்க, உள்ள உசுரு இருக்குதுன்னு? இறுக்கி மூடி வச்சிக்கினு இருந்தா மூச்சு முட்டாதா? அதான் தொறந்து வுட்டேன்."

ஒரு வார வாயு ஜன்னல் வழியே கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டது. கோபம்தான் வரவில்லை. மூடினால் மறுபடி சேரும்.

குறிப்பேட்டில் 'தடைக்கான காரணம்' என்றொரு கட்டம் இருக்கிறது. 'இரக்கம்' என்று எழுதினால் என் கைடு ஒத்துக்கொள்வாரா, சொல்லுங்கள்?