அம்மா திருத்திக் கேட்ட துஆ

பொத்தேரியில் ஏறிய ரயில் வண்டலூரைத் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. என் அம்மா அல்லாஹ்விடம் தப்பான துஆ கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் சொல்லி, எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் அதே தப்பான துஆவை ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் என் ஸலாம். அந்த ரயிலில் நான் எந்த நிலைமையில் உட்கார்ந்திருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் காட்டாங்குளத்தூரில் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன். வீடு கோவிலம்பாக்கம். அத்தாவுக்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் பை, சூட்கேஸ் கடை. போன ரமலானிலேயே வயிற்றின் வலது பக்கம் வலி ஆரம்பித்துவிட்டது. நோன்பு வைத்த வயிறு, நோன்பு திறந்ததும் சமோசாவை அள்ளிப் போடுகிற வயிறு, வலிக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். பெருநாள் முடிந்தது. ரமலானுக்கு அடுத்த ஷவ்வால் மாதம் கல்லூரி லேபில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் ஸ்கேன்.

டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். "ரெண்டு சினைப்பையிலயும் கட்டி இருக்கும்மா. வலது பக்கம் ஆரஞ்சுப் பழம் அளவு. இடது பக்கம் சின்னது. ஜெர்ம் செல்லுல இருந்து வர்ற கட்டி. பார்த்தா கேன்சர் மாதிரி தெரியல. ஆனா எடுத்துத்தான் ஆகணும். முறுக்கிக்கிட்டா ஆபத்து."

"கட்டிய மட்டும் எடுத்துடுவீங்களா டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"முயற்சி பண்ணுவோம். ஒட்டிக்கிட்டு இருந்தா சினைப்பையோட சேர்த்து எடுக்க வேண்டி வரலாம். இங்க வயித்தைத் திறந்துதான் செய்வோம். நீங்க இன்னொரு இடத்துலயும் கேட்டுக்கங்க."

இரண்டு பக்கமும் கட்டி. இரண்டு பக்கமும் போய்விட்டால்? எனக்கு இருபத்தோரு வயது. குழந்தை என்று ஒன்றை அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு மருத்துவமனை வாசலில் ஒரு பெண் கைக்குழந்தைக்கு ஏப்பம் வரத் தட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து தொழுகை விரிப்பில் நின்றால் வார்த்தையே வரவில்லை. என்ன கேட்பது? கட்டி மறைந்துவிடட்டும் என்றா? அடுத்த ஸ்கேனிலும் அது அங்கேயேதான் இருக்கும் என்று படித்த மூளை சொன்னது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. வெறுமனே நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவில் கிடந்தேன்.

டாக்டர் சொன்ன அத்தனை பேச்சிலும் அம்மாவின் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை. ஜெர்ம். டிவியில் சோப்பு விளம்பரம் பார்க்கிற எல்லோருக்கும் ஜெர்ம் என்றால் என்னவென்று தெரியும். கிருமி. அன்று சாயங்காலமே வீட்டில் தண்ணீர் கொதித்தது. எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். துண்டு, தலையணை உறை எல்லாம் வெந்நீரில். அப்புறம் அம்மா போனை எடுத்தார்.

"புள்ளைக்கு வயித்துல கிருமி. ரெண்டு பக்கமும் பரவிடுச்சாம். அது பூண்டோட அழியணும்னு துஆ செய்ங்க."

ஒவ்வொரு போனிலும் இதுதான். நானும் விட்டுவிட்டேன். கல்யாணப் பேச்சு தொடங்குகிற வயதில் 'சினைப்பை' என்ற வார்த்தை சொந்தத்துக்குள் உலவுவதைவிட 'கிருமி' உலவுவது எல்லோருக்கும் வசதியாகத்தான் இருந்தது.

இப்போது ரயிலுக்கு வருகிறேன். நான் எதையும் அரைகுறையாக விடமாட்டேன். போனில் என் நோயைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் திறந்து வைத்திருந்தேன். அதில் ஒன்று அந்தப் பெயரை விளக்கியிருந்தது. இங்கே ஜெர்ம் என்றால் கிருமி இல்லை. வித்து. பின்னால் கருமுட்டையாக ஆகவேண்டிய செல்தான் ஜெர்ம் செல். அது இடம் தெரியாமல் தானாகவே வளர ஆரம்பித்தால் இப்படிக் கட்டியாகிறது.

வித்து. அது பூண்டோடு அழியணும் என்றுதான் ஒரு குடும்பமே கை ஏந்திக்கொண்டிருக்கிறது. பெருங்களத்தூரில் ரயில் நின்றபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எதிரே இருந்த அக்கா தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

தாம்பரத்தில் இறங்கி, மேடவாக்கம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன். அத்தா அன்று சீக்கிரமே கடையிலிருந்து வந்திருந்தார். நான் புத்தகப் பையைக்கூட இறக்கவில்லை.

"அம்மா, இது கிருமி இல்ல. இதுக்குப் பேரு மெச்சூர் சிஸ்டிக் டெரடோமா."

"மெச்சூரா? நீ ஒம்பதாவதுலயே ஆயிட்டியேடி."

அத்தா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

"அந்த மெச்சூர் இல்லம்மா. ஜெர்ம்னா இங்க வித்துன்னு அர்த்தம். குழந்தையாகற வித்து."

அம்மா கையில் இருந்த கரண்டியை அடுப்பு மேடையில் வைத்தார். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"பூண்டோட அழியணும்னு கேட்டுட்டேனேடி. உன் வித்து அழியணும்னா நான் கேட்டேன்?"

"அல்லாஹ்வுக்கு இங்கிலீஷ் தெரியும்மா."

"வாய மூடு. எதுல விளையாடறதுன்னு இல்ல." சொல்லிவிட்டு அழுதார். அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தா பேப்பரை மடித்தார். "அழுதுகினு இருந்தா இன்னா ஆவும்? உன் மனசு இன்னா கேட்டுச்சுன்னு அவனுக்குத் தெரியாதா. ஆனா நீ அத்தினி பேருக்குச் சொல்லிகீறியே. போன் போட்டுத் திருத்திச் சொல்லு."

"திருத்தணும்னா எந்த இடம்னு சொல்லணுமே. நாளைக்கு யாராவது பொண்ணு கேட்டு வந்தா?"

அத்தா மடித்த பேப்பரை ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார். "வர்றவன் தெரிஞ்சுகினே வரட்டும்."

அம்மா முகம், கை, கால் கழுவி ஒளு செய்து, அந்தி மஃரிப் தொழுதுவிட்டுப் போனை எடுத்தார். நான் பக்கத்திலேயே இருந்தேன். முதல் போனில் குரல் அடங்கியே வந்தது. "கிருமி இல்லையாம்... சினைப்பைல கட்டியாம்... கட்டி மட்டும் வெளிய வரணும், சினைப்பை மிச்சமாகணும். இப்படிக் கேளுங்க." இரண்டாவது போனில் குரல் தேறிவிட்டது. அதற்கப்புறம் பாடம் நடத்துகிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார். எனக்குப் பெருமையாக இருந்தது.

சகோதரிகளே, இங்கேதான் என் துஆவுக்குப் பதில் வர ஆரம்பித்தது. பல்லாவரத்தில் இருக்கும் மாமி, அத்தாவின் தங்கை, எதையும் வெளியே சொல்லாதவர். ஈத் அன்று பார்த்தால்கூட பிரியாணிக்கு உப்பு சரியா என்பதைத் தாண்டிப் பேசமாட்டார். அவருக்கும் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுத் திருத்திச் சொன்னார். அப்புறம் மாமியின் குரல் வந்தது.

"மதினி, எனக்கும் அதான் இருந்துச்சு. பெரியவன் பொறக்கறதுக்கு முன்னாடி. கட்டிய மட்டும் உரிச்சு எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் மூணு புள்ளைங்க."

"இத்தனை வருஷமா எங்கிட்ட சொல்லலையே நீ."

"நீங்க கிருமின்னு சொன்னீங்க. கிருமிக்கு நான் என்னத்த சொல்றது?"

அடுத்த வாரம் மாமியே எங்களைத் தன் டாக்டரிடம் அழைத்துப் போனார். சின்னத் துளை போட்டுச் செய்கிற ஆபரேஷன். அந்த டாக்டர் என் ஸ்கேன் படங்களை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் காப்பாத்தத்தான் பார்ப்பேன். வலது பக்கம் கொஞ்சம்தான் மிஞ்சும். கொஞ்சம் மிஞ்சினா போதும், அது வேலை செய்யும்" என்றார்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வார்த்தை கிடைத்துவிட்டது. ஸஜ்தாவில் ஊமையாகக் கிடந்தவள் தெளிவாகக் கேட்டேன். யா அல்லாஹ், கொஞ்சம் மிச்சம் வை. எவ்வளவு என்று நான் சொல்லமாட்டேன். கொஞ்சம்.

ஆபரேஷன் அன்று என்னைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். விரலில் மாட்டுகிற கிளிப்பை வைத்த நர்ஸ் அக்கா முகத்தைச் சுளித்தார். "இன்னாம்மா இது, நகம் பூரா மருதாணி? ரீடிங்கே வரல."

"பெருநாளைக்கு வெச்சதுக்கா."

"கால்ல?"

"கால்லயும் இருக்கு."

"நல்லா கொண்டாடிட்டுத்தான் வந்துகீற" என்று சொல்லிவிட்டுக் காது மடலில் ஒரு கிளிப்பை மாட்டினார். எனக்குப் பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடுதான் பிஸ்மி சொன்னேன். அதற்குப் பிறகு ஒன்றும் நினைவில்லை.

கண் விழித்தபோது அம்மாவின் முகம் மங்கலாகத் தெரிந்தது. நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர் சொன்னார். "ரெண்டும் இருக்குடி. இடது பக்கம் முக்கால்வாசி. வலது பக்கம் ஒரு ஓரம். கொஞ்சம் மிச்சம்." என் துஆ அம்மாவுக்குத் தெரியாது. அவர் வாயிலிருந்து அதே வார்த்தை வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல முயன்றேன். நாக்கு ஒத்துழைக்கவில்லை. கண்ணீர்தான் வந்தது.

கட்டிக்குள் கொழுப்பும், சுருண்ட முடியும், ஒரு பல்லும் இருந்தன. டாக்டர் போட்டோ காட்டினார். பார்க்க வந்த ஒரு உறவுக்காரர் அதைக் கேட்டு, "முடியா? யாராவது ஏதாவது வெச்சிருப்பாங்களோ?" என்று இழுத்தார். அம்மா விடவில்லை. "செய்வினையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வித்து வழி தெரியாம முளைச்சிடுச்சு, அவ்ளோதான். வேணும்னா இவகிட்ட கேளுங்க, படம் போட்டுக் காட்டுவா."

பயாப்சி முடிவுக்குக் காத்திருந்த நாட்கள் லேசானவை அல்ல. அம்மா வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். முடிவு வந்தது. புற்று இல்லை. சாதுவான கட்டிதான். அத்தா கடையிலிருந்து பீர்க்கன்கரணை வரை எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்ததாகக் கேள்வி. சில வாரங்களில் என் மாதவிடாய் சரியாக வந்தது. அதற்காக அல்லாஹ்வுக்கு ஷுக்ரு என்று நன்றி சொன்ன முதல் பெண் நானாக இருக்கமாட்டேன். ஆனாலும் சொன்னேன். வருடா வருடம் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், மறுபடி வர வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது எனக்குப் பாரமாக இல்லை.

என் கட்டி துஆவால் கரையவில்லை. அதைக் கத்தி எடுத்தது. அந்தக் கத்தி வரைக்கும் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது துஆதான் என்று நான் முழுசாக நம்புகிறேன். அம்மா தன் துஆவைத் திருத்தப் போய்த்தான் இடத்தின் பெயரைச் சொன்னார். பெயரைச் சொன்னதால்தான் மாமி வாய் திறந்தார். இதை நான் கோத்து வைக்கவில்லை. கோத்தவன் வேறு. முன்பெல்லாம் தொழுகையை ஓடுகிற ரயிலைப் பிடிப்பதுபோல முடிப்பேன். இப்போது முடித்த பிறகும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் வயிற்றில் வலி இருந்தால் அவனிடம் சொல்லுங்கள், கூச்சமில்லாமல் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். படைத்தவனுக்கு நம் உடம்பு புதிதில்லை. அப்புறம் ஸ்கேனும் எடுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கூடத்தில் தெருப் பெண்களைக் கூப்பிட்டிருக்கிறேன். சினைப்பை என்றால் என்ன, கட்டி என்றால் என்ன, எந்த வலியை விடக்கூடாது என்று வரைந்து காட்டப்போகிறேன். தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்பதால் மாமியின் டாக்டரிடம் என் படங்களைக் காட்டித் திருத்தி வாங்கியாகிவிட்டது. எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. கீழ்வீட்டு பர்வீன் அக்கா மட்டும் நேற்று படிக்கட்டில் என்னை நிறுத்தினார். இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து வலியாம். வீட்டில்கூடச் சொன்னதில்லையாம். "எல்லார் முன்னாடியும் கேக்க மாட்டேன். நீயா கேட்ட மாதிரி கேளு, நான் பதில் சொல்றேன்" என்றார்.

சரி என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை என் முதல் கேள்வி அவருக்குத்தான்.