பாணும் கையுமாக ஓடிய புஷ்பம் அக்கா

நண்பர்களே, இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் இப்போதுதான் தூங்கினாள். ஞாயிறுதோறும் புஷ்பம் அக்காவோடு ஓடிய உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தனித்தனியாகப் பேச எனக்குத் தெம்பில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மகளை அவளுடைய குழந்தைகள் காப்பகமான கார்டெரியில் விடும்போதுதான் செய்தி தெரிந்தது. குனிந்து அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அங்கே பொறுப்பிலிருக்கும் அம்மா பிரெஞ்சில் ஏதோ சொன்னார். 'புஷ்பம்' என்ற பெயர் மட்டும் காதில் விழுந்தது. மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அக்கா முந்தின இரவு ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று மெதுவாகச் சொன்னார். கேட்காமலே இருந்திருக்கலாம்.

மறுநாள் ஓட்டம் நடத்துகிறவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. செப்டம்பரில் லொரான்சியன் மலையில் நடக்கும் நெடுந்தூர ஓட்டத்தில் அக்காவுக்கு ஓர் இடம் இருந்தது உங்களுக்குத் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஆஸ்பத்திரியிலிருந்தே அதை என் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறார். ஞாயிறுக்குள் நான் சம்மதிக்காவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். நானோ இதுவரை அங்கே மேசையருகே உட்கார்ந்து சூப் ஊற்றிக் கொடுத்தவள் மட்டும்தான்.

அக்கா அந்தக் கார்டெரியின் சமையல்காரர். பனிக்காலத்திலும் வேலைக்கு ஓடியே வருவார். மகளைச் சேர்த்த முதல் வாரம், நான் போக மனமில்லாமல் கதவுக் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் கையில் கரண்டியோடு வெளியே வந்தார்.

"அவ அழுகையை நிப்பாட்டிப் பத்து நிமிசமாச்சு. நீர்தான் இன்னும் அழுதுகொண்டு நிக்கிறீர்."

பயமாக இருக்கிறது என்றேன். சமாதானம் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை தன் ஓட்டத்துக்குத் துணையாக வரச் சொன்னார். "பயப்பிடுற ஆள்தான் எனக்கு வேணும். பயமில்லாத ஆக்கள் தண்ணிப் போத்தலை மறந்துபோடுவினம்."

அந்த ஓட்டம் எப்படியென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கு ஒரு சுற்று, ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். மணியடிக்கும்போது கோட்டில் நிற்காதவருக்குப் போட்டி முடிந்தது. கடைசியில் ஒருவர் மிஞ்சும்வரை இப்படியே போகும். ஒன்பதாவது சுற்று முடிந்து வந்த அக்கா நாற்காலியில் சரிந்தார். "அக்கா, சாப்பிட என்ன வேணும்?" என்றேன். "பேந்து" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் திருச்சிக்காரி. பேந்து என்றால் ஏதோ யாழ்ப்பாணத்துப் பலகாரம் என்று நினைத்துவிட்டேன். இரண்டு பையையும் கொட்டித் தேடினேன். பதற்றத்தில் பக்கத்து மேசைக்காரரிடமும் "பேந்து, பேந்து" என்று கேட்டேன். பிரெஞ்சில் ரொட்டிக்குப் 'பேன்' என்பார்கள்; அவர் அதைத்தான் கேட்கிறேன் என்று புரிந்துகொண்டு அரை ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தார். மணி அடித்தது. அக்காவை எழுப்பி, ரொட்டியைக் கையில் திணித்துக் கோட்டுக்குத் தள்ளிவிட்டேன்.

அந்தச் சுற்றை முடித்துச் சிரித்துக்கொண்டே வந்தார். "பேந்து எண்டால் பிறகு எண்டு அர்த்தம், பிள்ளை. நான் நிப்பாட்டுவமெண்டு இருந்தனான். நீர் பாணைத் தந்து துரத்திப்போட்டீர்." அன்று பதின்மூன்று சுற்று ஓடினார். அதுவரை அவர் ஓடியதில் அதுதான் அதிகம்.

கடைசியாக அவரைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைப்பாதையில் போட்டி ஓடுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கைப்பேசி புள்ளிகளாகக் காட்டிக்கொண்டிருந்தது. அக்கா பார்த்தது கடைசிப் புள்ளியை. யாரோ ஒரு ஜப்பானியப் பெண்.

"முதல் வாறவைக்குக் கைதட்ட ஊரே நிக்குது. இந்தப் பிள்ளைக்கு நானெண்டாலும் நிக்க வேணும்."

அந்தப் புள்ளி இரண்டு மணி நேரமாக அசையவில்லை. "விட்டுட்டாங்க போல, அக்கா" என்றேன்.

"சும்மா இரும். நித்திரை கொள்ளுதோ என்னவோ. ஆக்களை உடன விட்டுப்போடாதையும்."

மாத்திரை கொடுக்க வந்த தாதியையும் காக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். புள்ளி நகர்ந்தது. அக்கா என் கையைத் தட்டினார். என் பெயரை எழுதி அனுப்பியதும் அன்று மாலைதான். கடிதத்தில் குறித்திருந்த தேதியைப் பார்த்து இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு கேள்வி. ஓட முடியுமா என்று அவர் யாரையும் கேட்டதில்லை. "அடுத்த மணிக்குக் கோட்டில நிப்பீரோ?" என்று மட்டும்தான் கேட்பார். மகளுக்குக் காய்ச்சல் வந்தால், வேலையில் ஏதாவது கெட்டுப்போனால், இப்போது நானும் என்னை அப்படித்தான் கேட்டுக்கொள்கிறேன். அவ்வளவுக்கு என்னால் எப்போதும் பதில் சொல்ல முடிகிறது.

வசந்தத்திலிருந்து தள்ளுவண்டியோடு பூங்காவைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறேன். ஒரே நாளில் நான்கு சுற்றுக்கான தூரம்வரை வந்திருக்கிறது. ஐந்தாவது எப்படியிருக்கும் என்று தெரியாது. இருந்தாலும் சம்மதம் என்று எழுதப்போகிறேன். மகளை அவள் அப்பா பார்த்துக்கொள்வார். மேசைக்குத்தான் ஆள் இல்லை. உங்களில் ஒருவர் அன்று என்னோடு வர முடியுமா? ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே பதில் போடுங்கள்.