சாதிக் பாயின் மூன்றாவது பங்கு

நம் கம்பெனியில் எந்தச் செய்தியும் என்னைத் தாண்டிப் போகாது என்ற பெருமை எனக்கு உண்டு. யாருக்கு இடமாற்றம், யார் வீட்டில் பெண் பார்க்கிறார்கள், எல்லாம் என் வழியாகத்தான் கேன்டீனுக்குப் போகும். சாதிக் பாய் இறந்த செய்தி மட்டும் கேன்டீனிலிருந்து எனக்கு வந்தது. "உங்க பாய் போயிட்டாராமே சார், தெரியாதா?" என்றார் டீ ஊற்றுகிறவர். பக்ரீத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை.

ஸ்டோர்ஸில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய கெட்டிக் கை தெரியும். புதுக் கையுறை கேட்டால் பழசைக் காட்டச் சொல்வார். விரல் வெளியே தெரியும். "இது ஓட்டை இல்லப்பா, காத்தோட்டம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அதே கைதான் பக்ரீத் அன்று வேறு மாதிரி ஆகிவிடும். குர்பானியாக அறுத்த ஆட்டுக் கறியை மூன்று பங்கு வைப்பார்கள். வீட்டுக்கு ஒன்று, சொந்தபந்தத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று. அந்த மூன்றாவது பங்கை என் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு சிப்காட்டை ஒட்டிய லைன் வீடுகளுக்குக் கிளம்புவார். வேலை நின்றுபோன காண்ட்ராக்ட் ஆட்கள் அங்கே இருந்தார்கள். பள்ளிவாசல் வரிசையில் வந்து நிற்கக் கூசுகிறவர்கள். இன்ன மதம் என்ற பேச்சே அவரிடம் கிடையாது. ஒவ்வொரு தெருமுனையிலும் என்னை நிறுத்திவிட்டு ஒரு பையோடு தனியாக உள்ளே போவார், வெறுங்கையோடு வருவார்.

ஒரு வருஷம் பொறுக்க முடியாமல் கேட்டேன். "வாயே திறக்காதவன் எத்தனை பேர் இருக்கான் ஓசூர்ல? என்னைப் போய் ஏன் பாய் கூட்டிக்கிட்டு வர்றீங்க?"

"அவன் நின்னா தெருவே என்னைப் பாக்கும்ப்பா. நீ நின்னா எல்லாரும் கதை கேக்க உன்கிட்ட வந்துடுவாங்க. நான் எந்த வீட்டுக்குள்ள போறேன்னு எவன் பாக்கப் போறான்?"

என் வம்புக்கு இப்படி ஓர் உபயோகம் இருப்பதை என் மனைவிகூடக் கண்டுபிடித்ததில்லை. எந்த வீடு என்று நான் நைசாகத் தூண்டில் போட்டால், "வாங்கினவங்க நாளைக்கு உன் மூஞ்சில முழிக்க வேணாமா?" என்று முடித்துவிடுவார்.

இந்தப் பக்ரீத் அன்று காலை அவர் மனைவி கூப்பிட்டு அனுப்பினார். அவர் இத்தாவில் இருக்கிறார். கணவரை இழந்தவர் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருக்கும் காலம் அது. திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். "தம்பி, யாருக்குக் குடுத்தார்னு எங்கிட்டயும் சொன்னதில்ல. நீங்கதானே கூடப் போனீங்க? அதே வீடுங்களுக்குப் போய்ச் சேரணும்."

"சரிக்கா" என்றேன். கறிப் பைகளை வாங்கிக்கொண்டேன்.

வழக்கமான முதல் தெருமுனையில் வண்டியை நிறுத்தினேன். வழக்கம்போல ஆட்கள் கூடினார்கள். "என்னா சார், ஆளையே காணோம்? உங்க மேனேஜருக்கு ரெண்டாவது கல்யாணமாமே, நெசமா?" என்று கைலியை மடித்துக் கட்டியிருந்த ஒருவர் ஆரம்பித்தார். பைகள் ஹேண்டிலில் தொங்கின. எந்த வீடு என்று கேட்டால், கேட்ட அந்த நிமிஷமே அந்த வீட்டின் மானம் போகும். கேட்காவிட்டால் வெயிலில் கறி போகும்.

குடத்தோடு வந்த ஒரு பெண், "பாய் வரலைங்களா?" என்றார்.

"பாய் தவறிட்டாரும்மா."

சொல்லிவிட்டு, கொஞ்சமும் வெட்கமில்லாமல், யார் முகம் மாறுகிறது என்று பார்த்தேன். எல்லார் முகமும் மாறியது. மேனேஜர் கல்யாணம் கேட்டவர் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

மற்ற தெருமுனைகளிலும் இதே கதைதான். கடைசியில் பைகளைப் பள்ளிவாசலில் கொடுத்தேன். வரிசையில் நின்றவர்களுக்குப் போயிற்று. நல்ல காரியம்தான். ஆனால் அக்கா கேட்டது அதை அல்ல. சாயங்காலம் போன் செய்து, "சேர்ந்துச்சா தம்பி?" என்றார். பொய் எனக்குச் சரளமாக வரும். அன்று வரவில்லை. "இல்லக்கா" என்றேன்.

 "அப்ப அந்த வீட்டுக்காரங்க வழி பாத்துக்கிட்டே இருந்திருப்பாங்க" என்றார்.

பாய் எனக்கு விட்டுப் போனது சில தெருமுனைகளை மட்டும்தான். வீடுகளைத் தன்னோடு கொண்டுபோய்விட்டார். அவரோடு பழகிய உங்களில் யாருக்காவது ஒரே ஒரு கதவு தெரிந்திருந்தால், தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள். நீங்களே போய்த் தட்டிவிடுங்கள்.