கேக் வைத்த தட்டு

ஜெர்மனியின் வுப்பர்டாலில், சம்பா என்ற பிரேசில் இசையை வாசிக்கும் குழு ஒன்றில் நான் மேளம் அடிக்கிறேன். அதற்கு, பிரேசிலின் பாகியாப் பக்கத்து அக்கா ஒருவர் வந்தார். குள்ளம், உரத்த சிரிப்பு. அவருடைய வாத்தியம் ஒரு பீங்கான் தட்டு. விளிம்பில் கத்தியை உரசித் தாளம் போடுவது அவர் ஊர்ச் சம்பா. அந்தத் தட்டில் ஒருநாளும் சாப்பாடு வைக்கமாட்டார். துணியில் சுற்றித்தான் கொண்டுவருவார்.

எங்கள் குழுத் தலைவர் அதே பிரேசிலின் ரியோ நகரத்துக்காரர். இரண்டு ஊர்ச் சம்பாவும் சேரவேண்டும் என்று அக்காவைக் கெஞ்சி அழைத்து, ஒரு பழைய பாட்டைப் பதிவு செய்தார். வெளியீட்டு விழாவில் பாட்டைப் போட்டார்கள். ரியோ மேளங்கள் முழங்கின. தட்டின் சத்தத்தையே காணவில்லை.

நாங்கள் பேசியது ஜெர்மன்தான். எனக்கு நினைவிருப்பது தமிழில்.

"அக்கா, உங்கட சத்தம் எங்கை?"

"தலைவர் எடுத்துப்போட்டார். குசினியில பாத்திரம் கழுவுற சத்தம் மாதிரிக் கிடக்காம். இப்பதான் சொன்னவர்."

தலைவர் சிரித்தபடி வந்தார். அக்கா துணியை அவிழ்த்து, அதே கத்தியால் விழாக் கேக்கை வெட்டி, அதே தட்டில் வைத்து நீட்டினார்.

"சாப்பிடுங்கோ."

பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு வெறுங்கையோடு போய்விட்டார். தலைவர் ருசித்துச் சாப்பிட்டார். மிச்சக் கிரீமை முள்ளுக்கரண்டியால் சுரண்டியபோது, பதிவில் இல்லாத அந்தச் சத்தம் கேட்டது. அந்த மனுசன் இன்னொரு துண்டு கேட்டார்.